ஜோங்காவின் இன்ஜினை இறக்கும் முன்பு

பெங்களூர் அடுகோடியிலும் லக்கசந்திராவிலும் ஓசூர் ரோட்டின் இரு பக்கத்திலும் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அவர்களிடம் தொழில் கற்றுக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும்:

ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு நிஸான் ஜோங்கா உங்கள் வாசலுக்கு வருகிறது. வண்டிக்காரர் இறங்கியதும் சொல்கிற முதல் பேச்சு: “மேஸ்திரி, பெட்ரோல் கட்டுப்படி ஆகல. இன்ஜினை எறக்கிட்டு டீசல் போட்டுக் குடுங்க.” நீங்களும் போட்டுக் கொடுக்கிறீர்கள். இறக்கி வைத்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் பட்டறை மூலையில் கொஞ்ச காலம் கிடக்கும். மழையில் நனையும், துரு ஏறும். பிறகு ஒரு நாள் சிவாஜி நகர் குஜிரிப் பழைய இரும்புச் சந்தைக்கு எடைக்குப் போய்விடும். இந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். அந்த இன்ஜின்களில் பெரும்பாலானவை செத்துப்போனவை அல்ல. சரியாகப் பார்க்கப்படாதவை.

முதலில் அது என்ன இன்ஜின் என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்ததுதான், தம்பிகளுக்காகச் சொல்கிறேன். நிஸான் இதற்கு வைத்த பெயர் ‘பி’. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். போர் 85.7 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 114.3 மில்லிமீட்டர், மொத்தம் 3,956 சி.சி. ஒரு சிலிண்டருக்கு 659 சி.சி. வருகிறது. ஜப்பானில் ‘கெய்’ வகைச் சின்னக் கார்களின் முழு இன்ஜினே 660 சி.சி.யைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. ஜோங்காவில் அந்த அளவுக்கு ஆறு சிலிண்டர்கள் ஓடுகின்றன. வால்வுகள் ஹெட்டில் இருக்கும், புஷ்ராடு தள்ளித் திறக்கும். ராணுவ ஜோங்காவுக்குச் சொல்லப்படும் கணக்கு 110 குதிரைத் திறன், 264 நியூட்டன் மீட்டர் டார்க். இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் குதிரைத் திறன் பெரிதாகத் தெரியாது. ஆனால் இழுவை அடியிலிருந்தே கிடைக்கிறது. மூன்றே கியரை வைத்துக்கொண்டு அந்த வண்டி மலை ஏறியது அதனால்தான்.

114.3 மில்லிமீட்டர் என்பது சரியாக நாலரை அங்குலம். அந்த அளவு பிறந்தது அமெரிக்காவில். 1936-ல் நிஸான் கம்பெனி, கிரஹாம்-பெய்ஜ் என்ற அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து ஆறு சிலிண்டர் கார் ஒன்றின் வடிவமைப்பையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும் சேர்த்து வாங்கியது. 1937-ல் வந்த நிஸான் 70 காரில் 82.5-க்கு 114.3 அளவில், சைடு வால்வு வைத்த இன்ஜின் இருந்தது. பின்னாளில் வால்வு ஹெட்டுக்கு ஏறியது, போர் அகலமாயிற்று. ஸ்ட்ரோக்கை மட்டும் யாரும் தொடவில்லை. அதுதான் நிஸான் பேட்ரோல் 60 ஜீப்பில் வந்தது. 1965 வாக்கில் அந்த ஜீப் ஜோங்கா என்ற பெயரில் நம் ராணுவத்துக்கு வந்தது. ஜபல்பூர் கன் கேரேஜ் ஃபேக்டரியில் தொடங்கிய வேலை, 1969-ல் நிறுவப்பட்ட வெஹிக்கிள் ஃபேக்டரிக்கு மாறி, 1999 வரை நடந்தது. அதே இன்ஜின் நிஸான் ஒன் டன் லாரியிலும் இருந்தது.

106 மில்லிமீட்டர் பீரங்கியைச் சுமந்த ஜோங்கா உண்டு, ஆம்புலன்ஸ் ஜோங்கா உண்டு, வயர்லெஸ் ஜோங்கா உண்டு. அல்சூரில் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸில் சேவை செய்து, ஓய்வு பெற்ற பின் பெங்களூரிலேயே வீடு கட்டிக்கொண்ட தமிழர்கள் எத்தனையோ பேர். உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், பட்டறையில் ஜோங்கா நிற்கும்போது ஒரு டீ சொல்லி உட்கார வைத்துக் கேளுங்கள். அந்த வண்டியைப் பற்றி அவர் சொல்வது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வரிசை ஆறு என்பதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்? ஒன்றாவது பிஸ்டனும் ஆறாவதும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். இரண்டும் ஐந்தும் ஒரு ஜோடி, மூன்றும் நாலும் ஒரு ஜோடி. ஜோடிகளுக்கு நடுவே 120 டிகிரி. நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை மேலும் கீழுமாக ஒரு உதறல் வரும். பிஸ்டன் மேல் பாதியில் போகிற வேகமும் கீழ்ப் பாதியில் போகிற வேகமும் ஒன்றல்ல என்பதே அதற்குக் காரணம். வரிசை ஆறில் அந்த உதறலை மூன்று ஜோடிகளும் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்கின்றன. தனியாக பேலன்ஸ் ஷாஃப்ட் எதுவும் வேண்டியதில்லை. ஜோங்காவின் இன்ஜின் மவுண்ட், கிளட்ச், கியர்பாக்ஸ், பாடி எல்லாம் அந்த அமைதியான இன்ஜினை நம்பிக் கட்டப்பட்டவை. அதே இடத்தில் நாலு சிலிண்டர் டீசலை, ஒரு இரும்புத் தகட்டை வெட்டி அடாப்டராக்கிப் பொருத்தினால் என்ன ஆகிறது என்பது உங்களுக்கே தெரியும். பிராக்கெட் விரிசல் விடும், ரேடியேட்டர் காது பிய்ந்துபோகும், டேஷ்போர்டு கடகடக்கும், மூன்று கியரும் டீசலின் சுற்றுக்குப் பொருந்தாது. ஒரு வருடத்துக்குள் வண்டி மறுபடி உங்கள் வாசலில் நிற்கும்.

1996-ல் பொதுமக்களுக்கென்று வந்த ஜோங்காவே டீசல்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அது டீசல்தான். ஆனால் அதற்கு அசோக் லேலண்டின் ஹினோ டீசலைப் போட்டு, கியர்பாக்ஸையும் மாற்றி, தொழிற்சாலையிலேயே செய்தார்கள். தெருவோரத்தில் வெல்டிங் வைத்துச் செய்யும் மாற்றத்தை அதோடு சேர்த்துப் பேச முடியாது.

சென்ற மழைக்காலத்தில் நம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஜோங்கா ஒன்று வந்திருந்தது. பிக்கப் இல்லை, பெட்ரோல் குடிக்கிறது, ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கிறது. வண்டிக்காரர் டீசலுக்கு அட்வான்ஸே கொடுத்துவிட்டார். மேஸ்திரி கொஞ்சம் பொறுமைக்காரர். “எறக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாம்” என்று ஆறு பிளக்கையும் கழற்றி, பழைய தினத்தந்தியை விரித்து, ஒன்று முதல் ஆறு வரை வரிசை கலையாமல் வைத்தார். ஆறு பிளக்கும் சேர்ந்தால் அது இன்ஜினின் ஜாதகம். ஒன்றிலிருந்து ஐந்து வரை காய்ந்த கரி. ஆறாவது மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

கரி ஏறினால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் காற்று அதிகம். ஒரே கார்ப்பரேட்டரிலிருந்துதான் ஆறுக்கும் பெட்ரோல் போகிறது. ஆறாவதுக்கு மட்டும் காற்று கூடுகிறது என்றால், அது கார்ப்பரேட்டருக்கு அப்புறம் எங்கோ உள்ளே நுழைகிறது. மேஸ்திரி இன்ஜினை ஓட விட்டு, மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் விளிம்பில் கார்ப் கிளீனரை முன்னாலிருந்து பின்னாலாக அடித்துக்கொண்டே போனார். பின் கோடியில் அடித்ததும் இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது. மேனிஃபோல்டைக் கழற்றி மேலே ஸ்டீல் ஸ்கேலை வைத்தால், கோடியில் ஃபீலர் கேஜ் தாராளமாக நுழைந்தது. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், பல வருடச் சூட்டில் வளைந்திருந்தது. அதை லேத்துப் பட்டறையில் கொடுத்து முகம் சீவி, புது கேஸ்கட் போட்டார். மற்ற ஐந்தின் கரிக்குக் காரணம் கார்ப்பரேட்டர் ஃப்ளோட் உயரம், அதையும் சரிசெய்தார். அவ்வளவுதான் வியாதி. அட்வான்ஸ் திரும்பிப் போயிற்று. இந்தப் பொறுமையைத்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

நீளமான இன்ஜினில் வரும் பிரச்சினைகள் பெரும்பாலும் நீளத்தால் வருபவை. ஒன்றாவது சிலிண்டரும் ஆறாவதும் கார்ப்பரேட்டரிலிருந்து வெகு தூரம். ரேடியேட்டர் தண்ணீர் முன்னாலிருந்து நுழைவதால் பின் சிலிண்டர்களுக்கு வருவதற்குள் சூடாகிவிடும். ஹெட் நீளமாக இருப்பதால் ஒரு முறை கொதித்தாலே வளையப் பார்க்கும். எந்தப் புகார் வந்தாலும் முதலில் கோடி சிலிண்டர்களைச் சந்தேகப்படுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் வருத்தம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். பெங்களூர் போர்வெல் தண்ணீரைக் குழாயில் பிடித்து அப்படியே ரேடியேட்டரில் ஊற்றுகிற பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. அது உப்புத் தண்ணீர். வீட்டு கீசரின் ஹீட்டர் கம்பி மேல் படிகிற அதே வெள்ளை, இன்ஜின் பிளாக்கின் உள்ளேயும் படிகிறது. ஆறாவது சிலிண்டர் பக்கத்து டம்மி பிளக்கைத் தட்டி எடுத்துப் பாருங்கள். தண்ணீர் வராது. முதலில் ஒரு சொட்டும் வராது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் செங்கல் நிறத்தில் துருவும் சுண்ணமும் கலந்த சேறு உதிரும், அதற்குப் பின்னால்தான் தண்ணீர் கசியும். அந்தச் சிலிண்டர் இத்தனை காலமும் தண்ணீரே படாமல் ஓடியிருக்கிறது. டெய்ரி சர்க்கிளிலிருந்து சில்க் போர்டு வரை முதல் கியரில் நகர்ந்தால் கொதிக்காமல் என்ன செய்யும்? கொதிப்புக்கு ரேடியேட்டரை மட்டும் கழற்றி அடைப்பு எடுப்பது பாதி வேலை. எல்லா டம்மி பிளக்கையும் எடுத்து, பிளாக்கைப் பிரஷர் வாட்டரில் கழுவி, புது பிளக் அடித்து, டிஸ்டில்ட் வாட்டரோடு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள்.

இன்னொன்று, கொதிக்கிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறவே நேரம் பிடிக்கும். சூடேறாத இன்ஜின் அதிகப் பெட்ரோல் குடிக்கும், போரும் ரிங்கும் சீக்கிரம் தேயும். வண்டிக்காரர் எதற்காக டீசல் கேட்டாரோ அதே புகாரை நாமே உண்டாக்கிக் கொடுக்கிறோம்.

ஹெட்டைக் கழற்றினால் நேர்மையாக முகம் பாருங்கள், வளைந்திருந்தால் சீவுங்கள். திருப்பி ஏற்றும்போது நடு போல்ட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போங்கள். ஒரே மூச்சில் முறுக்காமல் இரண்டு மூன்று கட்டமாக, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். கை அளவு சரியாக இருக்கும் என்று சொல்லும் மூத்தவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் இவ்வளவு நீள ஹெட்டுக்குக் கை அளவு போதாது.

கம்ப்ரஷன் டெஸ்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் பல நல்ல இன்ஜின்கள் அநியாயமாகத் தண்டனை பெறுகின்றன. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. மேனுவலில் போட்டிருக்கும் எண் கடல் மட்டத்துக்கானது. கேஜ் இங்கே அதைவிடக் குறைவாகத்தான் காட்டும், அது போர் தேய்ந்ததன் அடையாளம் அல்ல. எண்ணைவிட ஆறு சிலிண்டருக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் ஆறும் ஒத்துப்போனால் அந்த இன்ஜினுக்கு இன்னும் வாழ்வு இருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு, அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது. சோதிக்கும்போது எல்லா பிளக்கும் வெளியே, பேட்டரி முழு சார்ஜ், ஆக்சிலேட்டர் முழுதாக மிதித்தபடி. இதில் ஒன்று குறைந்தாலும் கேஜ் பொய் சொல்லும்.

டெல்கோவுக்கு, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு, வருகிறேன். வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடிக்காதபடி அமைத்த வரிசை இது. ஒயர் இரண்டு மாறிப் போட்டால் வண்டி நாலில் ஓடும். பழைய டெல்கோவில் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கும். பாயிண்ட் கேப் எத்தனை முறை வைத்தாலும் நிற்காது, டைமிங் லைட் அடித்தால் குறி ஆடும். அப்போது பாயிண்டையும் கண்டென்சரையும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, புஷ் போட வேண்டும். அடுகோடி லேத்துக்காரர்களுக்கு அது அரை நாள் வேலை.

பெட்ரோல்தான் இன்றைக்குப் புதுத் தலைவலி. எத்தனால் 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோலை 2023 பிப்ரவரி 6-ம் தேதி பிரதமர் தொடங்கிவைத்தது இதே பெங்களூரில்தான். இப்போது பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. அறுபதுகளின் ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் அதைத் தாங்காது, ஊறும், மெத்தென்று ஆகும், வெடிப்பு விடும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நின்றபடியே இருக்கும் வண்டியில் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கிப் போடுங்கள், டயஃப்ரத்தை மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கப் போகிற வண்டி என்றால் டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். பம்ப்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாய் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் போனால் தள்ளி வளையுங்கள், நடுவே தகடு வையுங்கள். சிக்னலில் நின்று நின்று அணைந்துபோகும் வண்டிகளில் பாதி, குழாயில் பெட்ரோல் ஆவியாவதால் அணைகின்றன.

ஜெட் அளவிலும் கவனம் வேண்டும். சாதாரணப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். அதாவது பழைய ஜெட்டிலேயே விட்டால் கலவை எட்டு சதவீதம் போல மெலிந்துவிடும். ஆனால் பெங்களூர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால், அதே கார்ப்பரேட்டர் நாலைந்து சதவீதம் செழிப்பாகவே கலக்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. அதனால் அடுகோடியில் நின்று ட்யூன் பண்ணும்போது வண்டி ஓரளவு சரியாகவே ஓடும். அதே வண்டியை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி இறக்கம் தாண்டிச் சென்னைப் பக்கம் போனால், உயரம் தந்த செழிப்பு போய்விடும், மெலிவு மட்டும் மிஞ்சும். பிளக் வெளுக்கும், வால்வு சுடும். வண்டிக்காரர் எங்கே ஓட்டப் போகிறார் என்று கேட்காமல் ஜெட்டைத் தொடாதீர்கள். டீசல் மெக்கானிக்குக்கு இந்தக் கேள்வியே வராது, பெட்ரோல் மெக்கானிக்குக்கு இதுதான் முதல் கேள்வி.

வால்வு சீட்டையும் பார்த்துவிடுங்கள். நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1-ல். அதற்கு முன் ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு பூச்சாக இருந்து காத்தது. அது போனபின், மென்மையான வார்ப்பிரும்பு சீட்டில் வால்வு அடித்து அடித்துக் குழிந்து உள்ளே இறங்கும். டேப்பட் இடைவெளி வைத்து அனுப்பிய வண்டி, அடுத்த முறை வரும்போது எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி குறைந்தே வந்தால், அதுதான் அறிகுறி. தொடர்ந்து இடைவெளியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் வால்வு மூடாமல் எரிந்துவிடும். ஹெட் இறங்கும்போதே கடின சீட் இன்சர்ட் போட்டுவிடுங்கள்.

ஆயில் கசிவு பற்றிச் சுருக்கமாக. பின் மெயின் சீலில் கசிந்து கிளட்ச் வழுக்கினால், கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பிரீதரைக் கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி எந்த சீலும் கசியும். இன்னொன்று, வண்டிக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இது நீள ஸ்ட்ரோக் இன்ஜின், 3,200 சுற்றிலேயே பிஸ்டன் விநாடிக்குச் சராசரி 12 மீட்டர் போகிறது. விரட்டி ஓட்டப் பிறந்ததல்ல.

தம்பிகளே, உங்களுக்குத் தனியாக ஒரு பேச்சு. டொயோட்டா 2ஜேஸெட், நிஸான் ஆர்பி26 என்று செல்போனில் நீங்கள் பார்க்கும் வீடியோக்களை நானும் பார்க்கிறேன். 2ஜேஸெட் 2,997 சி.சி., போரும் ஸ்ட்ரோக்கும் சமமாக 86 மில்லிமீட்டர், வார்ப்பிரும்பு பிளாக், இரட்டை ஓவர்ஹெட் கேம். ஆர்பி26 2,568 சி.சி. ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட வரம்பின்படி அது 280 மெட்ரிக் குதிரைத் திறன் என்றே விற்கப்பட்டது. அவற்றுக்கும் நோய்கள் உண்டு. 2ஜேஸெட்டில் கிராங்க் புல்லியின் ரப்பர் பிரியும், முன் சீல் கசியும், வால்வு ஸ்டெம் சீல் காய்ந்து காலையில் புகை விடும். ஆரம்பகால ஆர்பி26-ல் ஆயில் பம்ப்பைக் கிராங்க் ஓட்டும் இடம் குறுகலாக இருப்பதால் அதிகச் சுற்றில் பம்ப் உடையும். உலகமே கொண்டாடும் அந்த இன்ஜின்கள் நம் கைக்கு வருவது அரிது. ஆனால் அவை ஏன் அவ்வளவு வழவழப்பாக ஓடுகின்றன என்பதற்கான அதே கிராங்க், அதே 120 டிகிரி, அதே 1-5-3-6-2-4, உங்கள் பட்டறை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. கற்றுக்கொள்ள விரும்புகிறவனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார். சென்ஸார் கிடையாது, ஸ்கேனர் வேண்டாம். காதும் கண்ணும் ஃபீலர் கேஜும் இருந்தால் போதும்.

நம் ஊரின் சோறு டீசலில் வந்தது என்பதை நான் மறக்கவில்லை. 1951-ல் பாஷ் கூட்டோடு தொடங்கிய மைக்கோ, அடுகோடியில் டீசல் பம்ப்பும் ஸ்பார்க் பிளக்கும் செய்தது. மைக்ரான் கணக்கில் வேலை பார்க்கும் கைகள் இந்தத் தெருக்களில் பெருகியது அதனால்தான். உற்பத்தி பிடதிக்குப் போய், 2022 ஜூனில் அந்த இடம் தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்ட பிறகும் கைத்தொழில் இங்கேயே தங்கிவிட்டது. பம்ப்பில் காட்டிய அந்த நுணுக்கத்தைக் கார்ப்பரேட்டரிலும் டெல்கோவிலும் காட்டச் சொல்கிறேன்.

பெட்ரோல் செலவு நிஜம்தானே என்பீர்கள். நிஜம்தான். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல ஜோங்கா. ஆனால் இந்த வண்டியை யார் தினமும் ஓட்டுகிறார்? 2019-ல் எம்.எஸ். தோனி ராஞ்சியில் ஜோங்கா ஓட்டிய படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்களும் ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே எடுக்கிறார்கள். வருடத்துக்கு 1,500 கிலோமீட்டர் என்று வையுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் 30,000. டீசலில் 12 கிலோமீட்டர் கிடைத்து, லிட்டர் 90 ரூபாய் என்றால் 11,250. மிச்சம் 18,750. இன்ஜின், கியர்பாக்ஸ், கூலி என்று மாற்றத்துக்கு இரண்டு லட்சம் ஆனால், அது திரும்பி வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள், பாதிப் பேர் அங்கேயே மனம் மாறுவார்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பெட்ரோல் என்று ஆர்.சி., உள்ளே டீசல், இன்ஜின் நம்பர் வேறு என்றால் விபத்தின்போது இன்ஷூரன்ஸ் தகராறு வண்டிக்காரருக்கு, வேலை செய்த பட்டறைக்குப் பெயர் கெடுதல். 2021-ல் வந்த வின்டேஜ் விதியையும் சொல்ல வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்குத் தனி நம்பர் கிடைக்கும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். எழுபதுகளில் பதிவான ஜோங்காக்கள் ஒவ்வொன்றாக அந்த வயதை எட்டுகின்றன. நீங்கள் இன்று குஜிரிக்கு அனுப்பும் இன்ஜினோடு அந்த வண்டியின் நம்பரும் போகிறது.

இவ்வளவு சொல்லியும் வண்டிக்காரர் டீசல்தான் வேண்டும் என்றால், ஒன்று செய்யுங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். இறக்கிய இன்ஜினின் பிளக் ஓட்டைகளில் ஆயில் விட்டு மூடி, மேனிஃபோல்டு வாயை அடைத்து, தார்ப்பாயில் சுற்றி வண்டிக்காரரிடமே கொடுத்து அனுப்புங்கள். இடம் இல்லை என்றால் எடைக்குப் போடுவதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள். பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்கள் ஓசூரிலும் கோலாரிலும் இருக்கிறார்கள், எடைக் காசைவிடக் கூடுதலாகவே கொடுப்பார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மேனிஃபோல்டு கேஸ்கட், ஹெட் கேஸ்கட், டெல்கோ புஷ், பம்ப் டயஃப்ரம் இந்த நாலும்தான் எப்போதும் தேடப்படுபவை. டெல்லி மாயாபுரி பழைய பாகச் சந்தைக்குப் போன் போட்டுக் காத்திருக்கிறோம். ஜே.சி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் சில சமயம் கிடைக்கிறது, சில சமயம் இல்லை. உங்களில் யாரிடமாவது கிழியாத பழைய கேஸ்கட் ஒன்று இருந்தால், அதை அச்சாக வைத்து வெட்டிக்கொள்ளலாம். டெல்கோ புஷ்ஷின் அளவை ஒரு முறை மைக்ரோமீட்டரில் எடுத்துக் குறித்துவிட்டால் லேத்தில் பத்தாகச் சேர்த்தே கடையலாம். அளவு எடுக்கவும் காகிதத்தில் வரைந்து எல்லாப் பட்டறைக்கும் ஒரு பிரதி கொடுக்கவும் நான் தயார். ஞாயிறு காலை பட்டறை திறந்திருந்தால் சொல்லியனுப்புங்கள், வருகிறேன்.

அன்புடன்,
பழைய வண்டிகளை நேசிக்கும் ஓர் அடுகோடிவாசி